ஸ்டிரிப் பிளாட், டாட் பிளாட்: 'சால் புள்ளிப்படம்' என்னும் பரிந்துரை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தரவுகளை ஓர் அச்சின்மேல் புள்ளிகளாகக் காட்டும் படங்களான ஸ்டிரிப் பிளாட் (strip plot), டாட் பிளாட் (dot plot) ஆகிய இரண்டுக்கும் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை 'பட்டை வரைபடம்', 'கீற்று வரைபடம்', 'துண்டுப் படம்', 'புள்ளி வரைபடம்' என நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான்குமே ஆங்கிலச் சொல்லைப் பார்த்துச் செய்தவை, படத்தைப் பார்த்துச் செய்தவை அல்ல என்பதே என் மனக்குறை. ஆகவே படத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஈரோட்டில் ஒரு நாள் ஏலத்துக்கு வந்த மஞ்சளை எடுத்துக்கொள்வோம். விரலி, கிழங்கு என இரு வகையாகவே மஞ்சள் விலை போகிறது என்பதும், பெரும்பாலும் விரலிக்கே கூடுதல் விலை கிடைக்கிறது என்பதும் இப்பக்கத்தில் எல்லோரும் அறிந்தவை. இரண்டையும் கலந்து சராசரி கண்டால், அன்றைக்கு ஒரு மூட்டைகூட விற்காத விலையில் அந்தச் சராசரி போய் நிற்கக்கூடும். பட்டை விளக்கப்படம் வரைந்தால் அந்தச் சராசரியின் உயரத்துக்கு ஒரு பட்டை எழும்பும். புள்ளியியலாளர் டியூக்கி வகுத்த, தரவின் நடுப்பாதியை ஒரு பெட்டியாகக் காட்டும் பெட்டிப்படத்தை வரைந்தாலும், விரலி விலைகளுக்கும் கிழங்கு விலைகளுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தைப் பெட்டி மூடி மறைத்துவிடும். மாறாக, குவிண்டால் விலையை ஒரே அச்சில் குறித்துக்கொண்டு, ஏலத்தில் விலைபோன ஒவ்வொரு சரக்குக் குவியலுக்கும் ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டே போனால், கிழங்கு ஓரிடத்திலும் விரலி ஓரிடத்திலும் திரண்டு நிற்பதும், ஈரம் காயாமல் வந்த சரக்கு கீழே தனியாக விழுந்து கிடப்பதும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நாம் பெயர் வைக்க வேண்டியது இந்தச் செயலுக்குத்தான்.

'புள்ளி' என்ற பாதியில் யாருக்கும் கருத்து வேறுபாடு இராது என்று நம்புகிறேன். அது வெறும் பொட்டைக் குறிக்கும் சொல் அன்று. நகரத்தார் வழக்கில் மணமாகித் தனிக் கணக்கான குடும்பத்தைப் 'புள்ளி' என்றே எண்ணுகிறார்கள். ஊரில் செல்வாக்குள்ளவரைப் 'பெரும்புள்ளி' என்கிறோம். புள்ளியியல் என்னும் துறைப்பெயரே அதிலிருந்து வந்ததுதான். எண்ணப்படும் ஒன்று என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்க, ஒரு தரவுக்கு ஒரு புள்ளி என்ற இந்தப் படத்தின் விதியை அது தானாகவே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தின் 'டாட்' என்ற சொல்லுக்கு இந்த வசதி இல்லை.

'வரைபடம்' என்ற பின்பாதியைத்தான் நான் ஏற்கத் தயங்குகிறேன். பொதுவழக்கில் அது நிலப்படத்தையும் குறிக்கிறது. புவியியலில், மக்கள்தொகையையோ விளைச்சலையோ நிலப்படத்தின்மேல் புள்ளிகளாகத் தூவிக் காட்டும் படத்துக்குப் 'புள்ளி வரைபடம்' என்பதே இயல்பான பெயராக இருக்கும்போது, அதை நாம் பறித்துக்கொள்வது முறையாகாது. 'படம்' போதும், 'புள்ளிப்படம்' நாவுக்கும் எளிது.

இனி 'ஸ்டிரிப்'. 'பட்டை' வேண்டாம் என்பதற்குக் காரணம் வெளிப்படை: பள்ளிப் பாடநூல்களில் பட்டை விளக்கப்படம் என்பது ஏற்கெனவே வேறொன்று, அதுவும், எதைத் தவிர்க்க இந்தப் படத்தை வரைகிறோமோ அதுவே. 'துண்டு' என்றால் தோளில் கிடப்பதுதான் நினைவுக்கு வருகிறது. 'கீற்று' அழகான சொல். ஆனால் கீற்றில் ஒளி உண்டு, நிலவு உண்டு, கூரை உண்டு, தரவு இல்லை.

நான் முன்வைக்கும் சொல் 'சால்'. ஏர் ஓட்டும்போது கொழு கிழித்துச் செல்லும் தடத்தைச் சால் என்கிறோம். மானாவாரிக் காட்டில் நிலக்கடலை போடும்போது, ஏருக்குப் பின்னால் நடந்துகொண்டே பருப்பைச் சாலில் இட்டுச் செல்வார்கள். சாலின் நீளவாட்டில் விதை எங்கே விழுந்தது என்பது கணக்கு. அதே சாலின் அகலத்துக்குள் விதை இடப்பக்கம் ஒட்டிக் கிடக்கிறதா, வலப்பக்கம் ஒட்டிக் கிடக்கிறதா என்பதில் பொருள் ஒன்றும் இல்லை. ஸ்டிரிப் பிளாட்டின் இலக்கணமும் இம்மி பிசகாமல் இதுவே. நீளவாட்டில் மதிப்பு, குறுக்குவாட்டில் வெறும் இடம். விரலிக்கு ஒரு சால், கிழங்குக்கு ஒரு சால் என்று பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் ஒப்பீடும் அமைந்துவிடுகிறது. எனவே 'சால் புள்ளிப்படம்'. இரண்டு அச்சிலும் மதிப்பு உள்ள 'ஸ்கேட்டர் பிளாட்'டைச் சிதறல் படம் என்று சொல்லி வருகிறோம். அது கைவிதைப்பு, இது சால்விதைப்பு என்று மாணவருக்குச் சொன்னால் வேறுபாடு மறக்காது.

அடுத்து, ஒன்றன்மேல் ஒன்று விழும் புள்ளிகளைச் சற்றே விலக்கி வைக்கும் 'ஜிட்டர்'. 'நடுக்கம்', 'அதிர்வு' என்று சிலர் எழுதுகிறார்கள். புள்ளிகளுக்குக் குளிர்காய்ச்சல் ஒன்றும் இல்லையே. அது ஏன் தேவைப்படுகிறது என்று பார்த்தால் சொல் தானே கிடைக்கும். திருப்பூரில் பின்னல் துணியின் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) பார்க்க 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வட்டமாகத் துணியை வெட்டி, அதன் கிராம் எடையை 100 ஆல் பெருக்குகிறார்கள். தராசு இரண்டு தசம இடம் மட்டும் காட்டினால் விடை எப்போதும் 180, 181, 182 என முழு எண்ணாகவே வரும். பன்னிரண்டு ரோல்களுக்கு 181 வந்தால் பன்னிரண்டு புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே புள்ளியாகத் தோன்றும். பார்ப்பவர் ஒரு ரோல் என்றே எண்ணிக்கொள்வார். அவற்றைக் குறுக்குவாட்டில், எந்த ஒழுங்கும் இல்லாமல், சற்றே விலக்கி வைப்பதுதான் இந்தச் செயல். இதற்குக் 'குலுக்கல்' என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. அளக்கும் வள்ளத்தைக் குலுக்கினால் தானியம் ஒன்றையொன்று விலக்கி இடம் பார்த்து அமர்கிறது. குலுக்கல் முறையில் தேர்வு என்றால் சமவாய்ப்பு என்பது எல்லோருக்கும் விளங்குகிறது. அசைவும் சமவாய்ப்பும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது வேறு எதற்கு? ஒரு விதியை மட்டும் வரையறையிலேயே எழுதிவிட வேண்டும்: குலுக்கல் குறுக்குவாட்டில் மட்டும். நீளவாட்டில் குலுக்கினால் 181 என்பது 181.4 ஆகத் தெரியும், அது பொய்.

'டாட் பிளாட்'டில்தான் சிக்கல். ஆங்கிலத்தில் ஒரே பெயரில் இரண்டு படங்கள் உலவுகின்றன. ஒன்று, நெருங்கிய மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டுவது. புள்ளியியலாளர் வில்கின்சன் 1999இல் இதை முறைப்படுத்தி எழுதினார். மற்றொன்று, இன்னொரு புள்ளியியலாளரான கிளீவ்லாண்ட் 1984இல் பட்டைகளுக்கு மாற்றாக முன்வைத்தது. ஊர்ப்பெயர்களையோ பொருட்பெயர்களையோ வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு புள்ளியை வைப்பது. முன்னது பரவலைக் காட்டுகிறது, அதனால் 'அடுக்குப் புள்ளிப்படம்'. பின்னதில் ஒரு புள்ளி என்பது ஒரு தரவு அன்று. ஒரு மொத்தமாகவோ சராசரியாகவோ இருக்கலாம். அதற்கு 'ஒப்பீட்டுப் புள்ளிப்படம்' என்று தனிப்பெயர் வைத்துப் பிரித்துவிடுவதே நல்லது. ஆங்கிலத்தின் குழப்பத்தை வரி கட்டி இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து

மறுமொழி: கோவையிலிருந்து

ஐயா, வணக்கம். 'குலுக்கல்' என்பதை முழு மனத்தோடு ஏற்கிறேன். 'சால்' பற்றி இரண்டு ஐயங்கள்.

நான் வேளாண் புள்ளியியல் கற்பிப்பவள். எங்கள் துறையில் 'ஸ்டிரிப் பிளாட்' என்றாலே முதலில் வயல்வெளி ஆய்வுதான் நினைவுக்கு வரும். நீர்ப்பாசன அளவுகளை வயலின் ஒரு திசையில் நீண்ட பட்டைகளாகவும், உர அளவுகளை அதற்குக் குறுக்கான திசையில் பட்டைகளாகவும் அமைத்து, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடங்களில் விளைச்சலை அளக்கும் ஆய்வு அமைப்பு அது. அங்கே 'பிளாட்' என்பது படம் அன்று, பாத்தி. பெயர் ஏற்கெனவே இப்படி முட்டிக்கொண்டிருக்க, தாங்கள் படத்துக்கும் உழவுச் சொல்லையே கொண்டுவந்தால் என் மாணவர்கள் இன்னும் குழம்புவார்கள் அல்லவா? இரண்டாவது, சென்னையில் வளர்ந்த பிள்ளைக்குச் சால் என்றால் தெரியுமா? தண்ணீர் நிரப்பி வைக்கும் பாத்திரமான தண்ணீர்ச் சால் என்றுகூட நினைக்கலாம்.

ஈரோட்டிலிருந்து

மதிப்புக்குரிய அம்மா, வயல்வெளி ஆய்வை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை, சுட்டிக்காட்டியதற்கு நன்றி. ஆனால் தாங்கள் கூறிய முட்டல் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தாங்களே சொன்னது போல அது பாத்தி, இது படம். அதைப் 'பட்டைப் பாத்தி அமைப்பு' என்றும் இதைச் 'சால் புள்ளிப்படம்' என்றும் எழுதினால் இரண்டு பெயர்களுக்கும் பொதுவாக ஒரு சொல்கூட மிஞ்சாது. 'பட்டை' என்ற சொல்லை நாம் படத்துக்கு எடுத்துக்கொள்ளாமல் விட்டால்தான் தங்கள் வயலுக்கு அது மிஞ்சும். அந்த வகையில் தங்கள் எடுத்துக்காட்டு என் பக்கமே சாய்கிறது.

இரண்டாவது ஐயம் நியாயமானது. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பரும் அறிவியல் தமிழ்ச்சொற்களுக்கென்று ஒரு கழகம் கண்ட நாளிலிருந்து, ஒரு வட்டாரத்தாருக்கு வெளிச்சமான சொல் இன்னொரு வட்டாரத்தாருக்கு இருட்டாக இருக்கும் இந்தத் தொல்லை நம்மோடு வருகிறது. ஆனால் 'உழவுச்சால்' கொங்குநாட்டுக்கு மட்டும் உரிய சொல் அன்று. தமிழ்நாடு முழுவதும் ஏர் பிடித்தவர்கள் அறிந்தது. தெரியாத பிள்ளைக்கு ஒரே ஒரு வரியில் விளக்கிவிடலாம், விளக்கினால் படத்தின் இலக்கணமும் சேர்ந்தே விளங்கிவிடும். 'கீற்று' தெரிந்த சொல்தான். அதை விளக்கி முடித்த பிறகும் குறுக்குவாட்டுக்கு ஏன் பொருள் இல்லை என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கும்.

ஓர் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். தலைப்பிலும் பட்டியலிலும் 'உழவுச்சால்' என்ற பொருள் தெரியாமல் போகும் இடங்களில், முதல் முறை வரும்போது மட்டும் 'சால்வரிப் புள்ளிப்படம்' என்று எழுதலாம். பிறகு சுருக்கமாகச் சால் புள்ளிப்படம். தண்ணீர்ச் சாலோடு குழப்பிக்கொள்ள அப்போது இடமில்லை.

மேலும் ஒன்று விடுபட்டுப்போனது. குலுக்காமல், ஒன்றையொன்று தொடாதபடி புள்ளிகளைப் பக்கவாட்டில் நெருக்கி அமைக்கும் 'பீஸ்வார்ம்' படத்துக்குத் 'தேனீக்கூட்டப் படம்' என்று இழையில் ஒருவர் எழுதியிருந்தார். 'மொய்ப்புப் புள்ளிப்படம்' என்று மாற்றலாமா? தேனீயைச் சொல்லாமலே தேனீ செய்வதைச் சொல்லிவிடுகிறது. கல்யாண மொய்யை நினைத்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த மொய்யும் கூட்டம் கூடி வைப்பதுதான்.