ரஷ்யர்களுடன் தொழில்: நேரில் பழகியவர்களின் அனுபவங்கள்

ஓசூர், வெள்ளரி ஏற்றுமதி

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து விவசாயிகளிடம் ஒப்பந்த முறையில் கெர்கின் எனப்படும் சிறு வெள்ளரியைப் பயிரிடச் செய்து, உப்பு நீரிலும் வினிகரிலும் பதப்படுத்திப் பீப்பாய்களில் அனுப்புவது எங்கள் தொழில். இதுவரை இடைத்தரகர் வழியாகவே ரஷ்யாவுக்குச் சரக்கு போய்க்கொண்டிருந்தது. இப்போது மாஸ்கோவில் உள்ள ஒரு கொள்முதல் நிறுவனம் நேரடியாகப் பேச வரும்படி அழைத்திருக்கிறது. பிப்ரவரி கடைசி வாரத்தில் போகலாம் என்று எண்ணியிருக்கிறோம்.

காணொளியில் பேசியபோது எதிர்ப்பக்கம் ஒரு முகமும் மலரவில்லை. நாங்கள் சொன்ன விலை பிடிக்கவில்லையா, எங்களையே பிடிக்கவில்லையா என்று புரியாமல் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் மறுநாளே மாதிரிச் சரக்கு கேட்டு மின்னஞ்சல் வந்தது. செய்யலாம், செய்யக்கூடாது என்ற பட்டியல்களைப் போதுமான அளவு படித்துவிட்டேன். ரஷ்யர்களோடு நேரில் பழகியவர்கள் தாங்கள் கண்டதை எழுதினால் உதவியாக இருக்கும்.

குன்னூர், தேயிலை வணிகம், இப்போது ஓய்வில்

மாதிரி கேட்டுவிட்டார்கள் என்றால் அந்த முகங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முன்பின் அறியாதவரைப் பார்த்துக் காரணமின்றிச் சிரிப்பதை அங்கே யாரும் மரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை, சிரிப்பெல்லாம் பழகியவர்களுக்கு.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் இந்தியத் தேயிலையை மிகுதியாக வாங்கிய நாடு சோவியத் ஒன்றியம். அரசே கொள்முதல் செய்யும், பணம் ரூபாய்க் கணக்கில் வரும், வாங்குபவரின் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவையே எங்களுக்கு இருந்ததில்லை. 1991-இல் ஒன்றியம் கலைந்து அந்த ஏற்பாடு முறிந்தபோது நீலகிரிக்கு விழுந்த அடி பெரியது. அதன்பிறகுதான் தனியார் வணிகர்களைத் தேடி நாங்களே போக வேண்டியதாயிற்று.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்த ஒரு பேச்சுவார்த்தையைச் சொல்கிறேன். கொள்முதல் பிரிவின் தலைவர், தேயிலைச் சுவைஞர், வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர் என்று அவர்கள் பக்கம் நான்கு பேர் அமர்ந்திருந்தார்கள். கொள்முதல் தலைவர் காலை முழுவதும் விலையில் பிடித்த பிடியை விடவில்லை. குரலை உயர்த்தினார், கோப்பை மூடிவைத்து எழுந்துகூட நின்றார். மதியத்துக்கு மேல் பொது இயக்குநர் உள்ளே வந்தார். கை குலுக்கிவிட்டு அமர்ந்து, எங்கள் தேயிலையில் ஒரு கோப்பை வாங்கி எலுமிச்சைத் துண்டைப் போட்டுக் குடித்தார். விலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எவ்வளவு காலமாக இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள், உங்கள் தகப்பனாரும் தேயிலைதானா, பனி விழுந்து கொழுந்து கருகும் ஆண்டில் ஒப்பந்தச் சரக்கை எப்படி நிறைவேற்றுவீர்கள், கொள்கலனில் ஈரம் ஏறிச் சரக்கு கெட்டால் யார் பொறுப்பு என்று அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று மாலையே, காலையில் நாங்கள் கேட்ட விலைக்குச் சற்றே குறைவான ஒரு விலையில் உடன்பாடு ஏற்பட்டது.

அங்கே பெரும்பாலான நிறுவனங்களில் கீழே உள்ளவர்களுக்கு 'முடியாது' என்று சொல்ல அதிகாரம் உண்டு, 'சரி' என்று சொல்ல இல்லை. ரஷ்யச் சட்டப்படி நிறுவனத்தின் சார்பில் தனி அதிகாரப் பத்திரம் இல்லாமல் கையெழுத்திடக் கூடியவர் பொது இயக்குநர்தான். மற்ற யார் கையெழுத்திட்டாலும் அந்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்பதை யாரும் அவமதிப்பாக நினைப்பதில்லை, கேட்காமல் விட்டால்தான் உங்களைக் கற்றுக்குட்டி என்று நினைப்பார்கள்.

அழைக்கும் முறை நமக்கு எளிது. பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்து அழைப்பதே அங்கே மரியாதை. இவானின் மகன் செர்கெய் என்றால் செர்கெய் இவானவிச், மகள் ஒல்கா என்றால் ஒல்கா இவானவ்னா. தகப்பன் பெயரை முன்னெழுத்தாகச் சுமக்கும் நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. முழுப் பெயரை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, முதல் நாளே பிழையில்லாமல் சொல்லிப் பாருங்கள், பலன் தெரியும்.

வள்ளியூர், பொறியாளர்

கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கான உடன்பாடு 1988-இல் கையெழுத்தாகி, முதல் அலகின் மின்சாரம் 2013-இல்தான் கம்பிக்கு வந்தது. அந்த நெடிய பணியின் ஒரு பகுதியில், ஒப்பந்ததாரர் ஒருவரிடம் வேலை பார்த்தபோது, செட்டிகுளம் அணுவிஜய் நகரியத்தில் தங்கியிருந்த ரஷ்ய வல்லுநர்களோடு நாள்தோறும் பழக வேண்டியிருந்தது. அவர்கள் நம் ஊருக்கு வந்தவர்கள் என்பதால் என் அனுபவம் சற்றுத் தலைகீழானது.

அவர்களைக் குழப்பியவற்றுள் முதலாவது நம் தலையாட்டல்தான். "வியாழக்கிழமைக்குள் இந்தத் தாங்கிகளைப் பொருத்திவிட முடியுமா?" என்று வல்லுநர் கேட்பார். நம் மேஸ்திரி தலையை இருபக்கமும் மெல்லச் சாய்த்து, "செஞ்சிரலாம் சார்" என்பார். வல்லுநர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, "இது ஆமா, இல்லையா?" என்பார். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்ப்பார். 'செஞ்சிரலாம்' என்பதில் முயற்சி உண்டு, மரியாதை உண்டு, எதிரில் இருப்பவரின் மனம் நோகக் கூடாது என்ற எண்ணமும் உண்டு. தேதி மட்டும் இல்லை. ரஷ்யரோ அதைத் தேதியாகவே குறித்துக்கொள்வார். வியாழக்கிழமை வந்து வேலை முடியாதிருந்தால், தாமதத்தைவிட, முடியாது என்பதைத் திங்கட்கிழமையே ஏன் சொல்லவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய குறையாக இருக்கும். "முடியாது, இந்தக் காரணத்தால், சனிக்கிழமை முடியும்" என்று முகத்துக்கு நேரே சொன்ன ஆளை அவர்கள் மதித்தார்கள். அவர்களும் அப்படியே, "இந்தப் பற்றவைப்பு மோசம், திரும்பச் செய்" என்று அத்தனை பேர் முன்னிலையிலும் சொல்வார்கள், மாலையில் அதே ஆளின் தோளில் கைபோட்டு நடப்பார்கள். நம் ஆட்களுக்கு இது செரிக்க நாளாயிற்று.

இன்னொன்று, 'பிரட்டகோல்'. எந்தக் கூட்டமும் இந்தக் கூட்டக் குறிப்பில் கையெழுத்தாகாமல் முடியாது. யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று வரிசை எண் போட்டு இரு மொழிகளிலும் எழுதி, இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும். வாயால் எவ்வளவு பேசியிருந்தாலும் அதில் ஏறாதது பேசாததாகவே கருதப்படும். ஒரே ஒரு வினைச்சொல்லுக்காக, 'செய்யும்' என்பதா 'செய்ய முயலும்' என்பதா என்று இரவு வரை உட்கார்ந்திருக்கிறோம். ஓசூர் நண்பருக்குச் சொல்வது இதுதான்: பேச்சின் முடிவில் அவர்கள் தாளை எடுக்கும்போது, களைப்பில் "பிறகு மின்னஞ்சலில் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுந்துவிடாதீர்கள். அந்தத் தாளை முழுதாகப் படித்துவிட்டுத்தான் எழ வேண்டும்.

வீட்டுப் பழக்கங்களில் அவர்களுக்கும் நமக்கும் இடைவெளி குறைவு. வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லும் முன்பே கழற்றிவிடுவார்கள். ஆனால் நிலைப்படிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று கை குலுக்க மாட்டார்கள். உள்ளே காலெடுத்து வைத்த பிறகே கை நீளும். பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள் முன்னதாகச் சொன்னாலும் முகம் சுருங்கும், அதை அபசகுனமாகக் கருதுகிறார்கள்.

சென்னை, மருந்து நிறுவனம், பதிவுப் பிரிவு

மாஸ்கோவில் எங்கள் மருந்துகளைப் பதிவு செய்யும் வேலை என்னுடையது. பொது இயக்குநரைப் பற்றிக் குன்னூர் ஐயா எழுதியது சரி, ஆனால் இன்னொருவரை விட்டுவிட்டார்: தலைமைக் கணக்காளர். நான் பழகிய நிறுவனங்களில் அநேகமாக எல்லா இடத்திலும் அந்த நாற்காலியில் ஒரு பெண்தான் அமர்ந்திருந்தார், அவரை மீறிப் பொது இயக்குநரும் பணம் அனுப்பச் சொல்ல மாட்டார்.

எங்களுக்கு ஆலோசனைப் பணி செய்த ஒரு நிறுவனத்தில் இதை நேரில் கண்டேன். பணி முடிந்தது, விலைப்பட்டியல் வந்தது, எங்கள் பக்கத்தில் பணமும் அனுப்பியாயிற்று. அத்தோடு முடிந்தது என்று நாங்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டபோது, அந்த அம்மையார் 'அக்த்' கேட்டுக் கடிதம் எழுதினார். செய்த பணியை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடும் ஒரு பக்கத் தாள் அது. அந்தத் தாள் இல்லையென்றால் அவர் கணக்கில் அந்தப் பணி நடக்கவேயில்லை, வரி அலுவலகத்துக்கு அவரே பதில் சொல்ல வேண்டும். நேரில் போனபோது, எங்கள் பிரதியை மேசை விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்து, கையெழுத்து நீல மையில் இருக்கிறதா, அல்லது அச்சுப் பிரதியா என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு முத்திரை எங்கே என்றார். நிறுவனங்களுக்கு வட்ட முத்திரை கட்டாயமில்லை என்று ரஷ்யாவில் 2015-லேயே சட்டம் வந்துவிட்டது, அது அவருக்கும் நன்றாகத் தெரியும். "சட்டம் வேண்டாம் என்கிறது, தணிக்கையாளர் வேண்டும் என்கிறார்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எங்கள் அலுவலகத்தில் அதன்பின் நீல மை பேனாக்களும் முத்திரையும் என் பையை விட்டு இறங்கியதில்லை.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மேலங்கியோடு கூட்ட அறைக்குள் நுழையக் கூடாது, நுழைவாயிலில் அதற்கென்று இருக்கும் அறையில் கழற்றிக் கொடுத்துவிட்டு எண் வில்லையை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆண்கள் பெண்களுக்கு மேலங்கியை மாட்டிவிடுவதும் கதவைத் திறந்து பிடிப்பதும் அங்கே சாதாரண மரியாதை, அதில் வேறு பொருள் இல்லை. யாருக்காவது பூ வாங்கினால் ஒற்றைப்படையில் வாங்குங்கள், இரட்டைப்படை இறந்தவர்களுக்கு உரியது. ஒரு பெட்டி இனிப்பு எப்போதும் நல்லது, அங்கே தேநீர் தனியாக வருவதில்லை.

சைவ உணவுக்காரர்களுக்கு: ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் பல உணவகங்களில் 'போஸ்னயே மெனு' என்ற நோன்புப் பட்டியல் இருக்கும், அதில் இறைச்சி, முட்டை, பால் பொருள் எதுவும் இருக்காது. மீன் வகை சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களில் எனக்குக் கைகொடுத்தது 'கிரேச்கா' என்ற தானியக் கஞ்சியும் காளானும்.

சென்னை, கப்பல் சரக்கு முகவர்

மதுவைப் பற்றி யாரும் எழுதவில்லையே! விளாதிவஸ்தோக்கில் சரக்குப் பிரச்சினை ஒன்றைத் தீர்த்துவிட்டு விருந்துக்கு அழைத்தார்கள். நான் குடிப்பதில்லை. அமர்ந்தவுடனேயே, "மருத்துவர் தடை, தொடவே மாட்டேன்" என்று ஒரே முறையில் முடித்துவிட்டேன். ஒரு முணுமுணுப்போடு பெர்ரிச் சாறு வந்தது. பாதி விருந்தில், ஒன்றிரண்டு கோப்பைகளுக்குப் பிறகு மறுத்தால்தான் வற்புறுத்துவார்கள். கோப்பையில் என்ன இருக்கிறது என்பதைவிட, உங்கள் முறை வரும்போது எழுந்து நாலு வரி மனதாரப் பேசுகிறீர்களா என்பதையே பார்க்கிறார்கள். அதைத் தயாரித்துக்கொண்டு போங்கள். கோப்பையை உயர்த்தி ஒவ்வொருவராகச் சொல்லும் வாழ்த்துகளில் மூன்றாவதில் மட்டும் கவனம்: பல இடங்களில் அது அன்புக்கும் பெண்களுக்கும் உரியது; ராணுவத்தில் இருந்தவர்கள் நடுவிலோ மறைந்தவர்களுக்கு, அப்போது கோப்பைகளை மோதாமல் எழுந்து நின்று பேசாமல் குடிப்பார்கள். முன்னால் இருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள்.

குன்னூர், தேயிலை வணிகம், இப்போது ஓய்வில்

எங்கள் காலத்தில் சாறு கேட்டிருந்தால் ஒப்பந்தமே சாறாகியிருக்கும். இப்போது மாறியிருந்தால் மகிழ்ச்சி.

சென்னை, மருந்து நிறுவனம், பதிவுப் பிரிவு

மாறிவிட்டது ஐயா. மாஸ்கோவில் முப்பது வயதுக்குட்பட்ட மேலாளர்கள் பலர் மதிய உணவோடு பேச்சை முடித்துவிட்டு மாலையில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார்கள்.

ஓசூர் நண்பருக்கு இன்னொரு செய்தி, தேதியை மாற்றுங்கள். பிப்ரவரி 23 தாயகக் காவலர் நாள், மார்ச் 8 மகளிர் நாள், இரண்டும் அரசு விடுமுறை. இடைப்பட்ட நாட்களில் அலுவலகம் திறந்திருந்தாலும், கையெழுத்திட வேண்டியவர் ஊரில் இருப்பார் என்று உறுதி சொல்ல முடியாது. ஜனவரி முதல் வாரமும், மே 1-க்கும் 9-க்கும் இடைப்பட்ட நாட்களும் இதைவிட மோசம். மார்ச் நடுவில் போனால் மகளிர் நாள் வாழ்த்தைத் தலைமைக் கணக்காளருக்குச் சற்றுத் தாமதமாகச் சொல்லலாம், முன்கூட்டிச் சொல்வதைவிட அது பரவாயில்லை. நம் வங்கிகள் தரும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து அங்கே செல்லுபடியாவதில்லை. விடுதிக் கட்டணத்தை முன்பே எப்படிச் செலுத்துவது என்று அழைத்தவர்களிடமே கேளுங்கள், கையில் ரொக்கம் வைத்திருங்கள். விடுதியில் தரும் பதிவுச் சீட்டையும், விமான நிலையத்தில் தரும் குடிவரவு அட்டையையும் திரும்பும்வரை தொலைக்காதீர்கள்.

ஓசூர், வெள்ளரி ஏற்றுமதி

எல்லோருக்கும் நன்றி. பயணத்தை மார்ச் மூன்றாம் வாரத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லி இன்றே எழுதிவிட்டேன், பொது இயக்குநரின் தந்தை பெயரையும் கேட்டிருக்கிறேன். வள்ளியூர் நண்பரிடம் ஒரு கேள்வி: ஒப்பந்தத்தை ரஷ்யம், ஆங்கிலம் என்று இரண்டு பத்திகளாக அனுப்பியிருக்கிறார்கள், இரண்டுக்கும் முரண் வந்தால் ரஷ்யப் பாடமே செல்லும் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை மாற்றச் சொல்லலாமா?

வள்ளியூர், பொறியாளர்

கேட்டுப் பாருங்கள், கேட்டதற்காகக் கோபிக்க மாட்டார்கள், பெரும்பாலும் மாற்றவும் மாட்டார்கள். மாற்றாவிட்டால், அவர்கள் தரும் மொழிபெயர்ப்பாளரை நம்பாமல், ரஷ்யப் பத்தியை நீங்கள் கூலி கொடுக்கும் ஒருவரிடம் கொடுத்து, எண், தேதி, தண்டத் தொகை, சரக்கு ஏற்கும் விதி ஆகியவற்றை வரிவரியாக ஒப்பிட்ட பிறகே விமானச் சீட்டு வாங்குங்கள்.