உண்மை வழக்கை வைத்துக் கதை எழுதினீர்களா? இன்னும் உறுத்துவதைச் சொல்லுங்கள்

தாம்பரம் வாசகி:
ஆளவந்தார் கேஸ்தான். எல்லாருக்கும் தெரிஞ்சது. 1952, போட் மெயில் ரயில், மானாமதுரையில இறக்கின டிரங்குப் பெட்டி, உள்ளே தலையில்லாத உடம்பு. நாலு தடவை எழுதிட்டேன். நாலும் அந்தக் காலத்துப் பேப்பர் செய்தி மாதிரியே இருந்துச்சு. என் குரல்னு ஒரு வரி இல்ல. ரயில்வே பார்சல் ஆபீஸ்ல இருந்து ரிட்டயரான பெரியப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். பாதியில நிறுத்தி, "அந்தப் பொட்டிய யாரும்மா தூக்கி எறக்குனது?"ன்னார். எனக்குப் பதில் தெரியல. எழுந்து நின்னு, கனம் ஒரு பக்கமா சாஞ்சா கைப்பிடி விரலை எப்படி அறுக்கும்னு வெறுங்கையால செஞ்சு காட்டினார். அப்புறம் கையை வேட்டியில தொடச்சுக்கிட்டார். ஒண்ணுமே இல்லாத கையை. அஞ்சாவது தடவை அங்கேருந்துதான் ஆரம்பிச்சேன்.

பழைய டைப்பிஸ்ட்:
என்னுது எங்க ஊர்லயே நடந்தது. பேர், ஊர், தொழில் எல்லாம் மாத்தினேன். கிணத்து மேட்டுல கிடந்த செருப்பை மட்டும் மாத்தல. வார் அறுந்து சேஃப்டி பின் குத்தியிருந்த செருப்பு. கதைக்கு அப்படிப் பொருந்துச்சு. வெளிவந்து ஒரு மாசம் கழிச்சு, ரேஷன் கடை வரிசையில அந்தச் செருப்பைப் போட்டிருந்த பையனோட அம்மா என் கையைப் பிடிச்சாங்க. "அந்தப் பின்னு நான்தான்யா குத்தி விட்டேன்." அவ்வளவுதான். கோவப்படல. வரிசை நகர்ந்துச்சு, போயிட்டாங்க.

வேப்பேரிக்காரன்:
வாசகி சொல்றதை ஒத்துக்க முடியல. சுமை தூக்கறவர் கண்ணுல சொன்னா அது கோணம், குரல் ஆகாது. நான் லட்சுமிகாந்தன் கேஸை எழுதினேன், மஞ்சள் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தனைக் குத்திக் கொன்ன கேஸ். 1944 நவம்பர், ரிக்‌ஷா, கத்தி. நடிகர்கள் பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை, லண்டன் பிரிவி கவுன்சில்ல அப்பீல், 1947ல விடுதலை. அப்போ செஞ்சது யார்? நான் கதையில அடிச்சுச் சொல்லிட்டேன். ஒரு வாசகர் ஒரே வரி எழுதினார்: "நீங்க அந்த ரிக்‌ஷாவுல இருந்தீங்களா?"

எழுதறவங்க எல்லாரும் முதல்ல ஒரு பார்வை மகஜரை, அதாவது சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதற குறிப்பைப் படிங்க. "மேற்படி வீட்டின் வாசற்படிக்குக் கிழக்கே 4 அடி தூரத்தில்"னு இருக்கும். அந்தத் தமிழ்ல அளவு உண்டு, அழுகை கிடையாது. அடுத்து 161 வாக்குமூலம், விசாரணையில சாட்சி சொல்றதை போலீஸ் எழுதறது; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல பிரிவு 161, புதுச் சட்டத்துல 180. அதுல சாட்சி கையெழுத்து போடக் கூடாதுன்னே சட்டம். ஏன்னு யோசிங்க. சாட்சி வாயால சொன்னது, போலீஸ்காரர் தன் தமிழ்ல எழுதினது. அதே ஆள் கூண்டுல ஏறி வேற மாதிரி பேசினா பிறழ் சாட்சி. வீட்டுத் திண்ணையில இன்னொரு மாதிரி பேசுவார். இந்த மூணு தமிழும் உங்க காதுல தனித்தனியா விழணும். விழாத வரைக்கும் எல்லாரும் ஒரே ஆள் மாதிரிதான் பேசுவாங்க, அந்த ஆள் நீங்களாவும் இருக்க மாட்டீங்க. இன்ஸ்பெக்டருக்கு மதுரைப் பேச்சுவழக்கு போட்டா குரல் வந்துடும்னு நினைக்கறது வீண் வேலை.

பழைய டைப்பிஸ்ட்:
தம்பி, மகஜர் 22 வருஷம் அடிச்சவன் நான். அந்தச் செருப்பும் மகஜர்ல இருந்துச்சு. "வார் அறுந்த நிலையில்"னு மட்டும். பின்னைப் பார்த்து எழுதினது நான்தான்.

தாம்பரம் வாசகி:
அண்ணா, அந்த அம்மாகிட்ட அப்புறம் பேசினீங்களா?

பழைய டைப்பிஸ்ட்:
இல்லம்மா. ரெண்டாம் பதிப்பு வருது. திருத்தம் இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பச் சொல்லியிருக்காங்க. அந்தப் பக்கத்தை மட்டும் இன்னும் திறக்கல.