வான்கதவு திறந்தபின் எங்கள் ஊருக்கு வந்த தண்ணீர்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

படுவான்கரைப் பிள்ளை:

மட்டக்களப்பில் வவுணதீவுப் பக்கம் எங்கள் ஊர். உன்னிச்சைக் குளம் நிரம்பி, மேலதிகத் தண்ணீர் வான்கதவால் வெளியே பாய்ந்தால் எங்களுக்கு என்ன நடக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நேரே விசயத்துக்கு வருகிறேன். 2011 ஜனவரி வெள்ளத்தில் மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு பின்னேரம். அம்மா ஈரத் துணிகளை எல்லாம் வேலியில் விரித்துப் போட்டிருந்தார். ஆயித்தியமலையிலிருந்து மாமா போன் எடுத்து, "மூன்று கதவும் திறந்தாச்சாம், வெளிக்கிடுங்க பிள்ளை" என்றார். வானம் வெளித்திருக்கும்போது வெள்ளம் வரும் என்று யார் நம்புவார்கள்? இருட்டும் நேரம் வளவுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது.

அப்பா மாடுகளின் கயிறுகளை அறுத்துவிட்டார். அவை மேட்டுப் பக்கமாகப் போய்விட்டன. சிவலைப் பசு மட்டும் போகவில்லை. அதன் கன்று அப்பாவின் மடியில், எங்கள் தோணிக்குள் இருந்தது. கன்று கத்தக் கத்தத் தாய் எங்களுக்குப் பின்னாலேயே நீந்தி வந்தது. பள்ளிக்கூடம் போகும் பாதையில் நீரோட்டம் கூடிய இடம் ஒன்று உண்டு. அங்கே அதன் தலையை ஒருமுறை கண்டேன், பிறகு காணவில்லை. அப்பா "பா, பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கன்று மூக்கைத் தூக்கித் தண்ணீர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் போயும் அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை.

அறுவடைக்கு நின்ற நெல் கதிரிலேயே முளைத்துப்போனது வேறு கதை. அதைப் பற்றி எழுதப் பலர் இருப்பீர்கள். எனக்குள்ள கேள்வி ஒன்றுதான். "வான்கதவுகள் திறக்கப்படவுள்ளன, தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும்" என்று அறிவிக்கிறார்கள். எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை ஏன் சொல்வதில்லை? அந்தப் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் முன்னதாகத் தெரிந்திருந்தால் கன்றையும் தாயையும் சேர்த்தே நடத்திக் கொண்டு போயிருப்போம்.

கிட்டங்கி தாண்டும் டீச்சர்:

தங்கச்சி, வாசித்து அழுதுவிட்டேன். என்னுடையது கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையிலுள்ள கிட்டங்கித் தாம்போதியில், அதாவது தண்ணீருக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்ட பாதையில் நடந்தது. சில வருடங்களுக்கு முந்திய மாரி. அம்பாறைப் பக்கத்துத் தண்ணீர் தாம்போதிக்கு மேலால் பாய்ந்துகொண்டிருந்தது. ஆற்றுவாழை என்கிற மிதக்கும் செடி வந்து அடைத்து, ஒரு பக்கம் தண்ணீர் தேங்கி, மறுபக்கம் கொட்டியது. பாடசாலை விட்டு வர எங்களுக்கு உழவு இயந்திரப் பெட்டியை விட்டால் வேறு வழி கிடையாது.

அன்று பெட்டியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணையும் ஏற்றினார்கள். முதல் பிள்ளை. இடுப்பு வலி தொடங்கிவிட்டது. கல்முனைக் கரையில் அம்புலன்ஸ் நிற்பது எங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. தாம்போதியின் நடுவில் ஆற்றுவாழைக் குவியலில் சில்லு சிக்கி இயந்திரம் நின்றது. அவள் என் கையைப் பிடித்து, "டீச்சர், இதுக்குள்ளயே பெத்துருவனா?" என்றாள். பெட்டியில் இருந்த ஆண்கள் எல்லோரும் நெஞ்சளவு தண்ணீரில் குதித்தார்கள். தோணிக்காரர் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். வேரோடு வேர் பின்னிக் கிடந்த அந்தச் செடியைக் கைகளாலும் கத்தியாலும் பிய்த்துப் பிய்த்து எறிந்தார்கள். அவள் நகம் என் மணிக்கட்டில் பதிந்த அடையாளம் வெகு நாள் இருந்தது.

கரை சேர்ந்தோம். அம்புலன்சில் ஏற்றினோம். அதோடு சரி. அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகும் வயதாக இருக்க வேண்டும். என் வகுப்பில் புதிதாக ஒரு பிள்ளை சேரும்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பேன்.

நிந்தவூர் மகன்:

அம்பாறை மாவட்டத்து மாவடிப்பள்ளி. 2024 நவம்பர் 26. அரபுக் கல்லூரி மாணவர்கள் வீட்டுக்குப் போன உழவு இயந்திரத்தை வெள்ளம் கொண்டுபோன நாள். அதற்கு மேல் அந்தப் பிள்ளைகளைப் பற்றி நான் எழுத மாட்டேன், அவர்களின் உம்மாமார் வாப்பாமார் இதை வாசிக்கக்கூடும்.

நான் சொல்வது அதே பாதையில், அதற்கு முந்திய ஒரு மாரியில் நடந்தது. மோட்டார் சைக்கிளில் சம்மாந்துறைக்குப் போகிறேன். பாதைக்கு மேலே தண்ணீர் ஓடுகிறது, வெள்ளைக் கோடு தெரிகிற அளவுதான். போய்விடலாம் என்றுதான் பார்வைக்குப் பட்டது. முன்னால் ஒரு வயதானவர் முழங்கால் தண்ணீரில் நின்று, தோளில் கிடந்த துண்டை உயர்த்தி ஆட்டினார். "மகன், திரும்பு. ஓரம் அரிச்சுப் போயிருக்கு. மேல பார்த்தா தெரியாது" என்றார். யாரும் சொல்லி அவர் அங்கே நிற்கவில்லை, தானாகவே நின்றார். பொலிஸும் இல்லை, தடுப்பும் இல்லை. நான் திரும்பும்போது அவர் அடுத்த வாகனத்துக்குத் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தார். 26ஆம் திகதிச் செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர்தான். அன்று அந்த இடத்தில் அப்படி ஒருவர் நின்றிருக்கக்கூடாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது.

அம்பாறை வீதிக் கடை:

பாதையில் தண்ணீர் ஓடினால் போகக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் உழவு இயந்திரத்தில் ஏறுகிறார்கள். டீச்சர் ஏறியதும் அப்படித்தான். பிறகு அரசாங்கத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

கிட்டங்கி தாண்டும் டீச்சர்:

தம்பி, பிரசவ வலியோடு வந்தவளைத் தண்ணீர் வடியும்வரை காத்திரு என்று சொல்லச் சொல்கிறீர்களா? எங்களுக்கு உழவு இயந்திரம்தான் பஸ், அதுதான் அம்புலன்ஸ். கிட்டங்கியில் உயரமான பாலம் வேண்டும் என்று சனங்கள் கேட்காத வருடம் இல்லை. சுற்றி வருகிற பாதையும் அதே வெள்ளத்தில்தான் கிடக்கும்.

நிந்தவூர் மகன்:

கடைக்காரர் காக்கா, கோபிக்காமல் கேளுங்கள். போகக்கூடாது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். பெட்டியில் ஏற்றப்படுகிற பிள்ளைக்கு அதில் முடிவெடுக்க என்ன இருக்கிறது? பாடசாலை, மதரசா எதுவாக இருந்தாலும் விடுமுறை விடுகிற நேரத்தைத் தண்ணீர் வருமுன் தீர்மானிக்க வேண்டும். தண்ணீர் ஏறிய பிறகு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதைவிட இருந்த இடத்திலேயே சோறு கொடுத்துப் படுக்கவைப்பது நல்லது.

ஓய்வுபெற்ற குளத்து ஆள்:

நான் நீர்ப்பாசன வேலையில் இருந்தவன். கதவைத் திறக்கிற இடத்தில் நின்றவன் என்பதால் எழுதுகிறேன். ஒரு இரவு வான்கதவைச் சுற்றும்போது கீழ்ப்பக்கத்து வயல் வட்டைகளில் டோர்ச் வெளிச்சங்கள் ஓடுவது தெரிந்தது. அந்த வட்டைகளில் என் மச்சானின் வயலும் இருந்தது. அடுத்த அரை அடியையும் நான்தான் சுற்றினேன். அதன்பிறகு மச்சான் நெடுநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏன் திறக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் குளங்களின் கட்டு மண்கட்டு. தண்ணீர் கட்டுக்கு மேலால் வழிந்தால் மண்ணை அரித்துக்கொண்டு ஒரேயடியாக உடைக்கும். 1957 டிசம்பரில் எத்தனை குளங்கள் உடைந்தன என்று உங்கள் பாட்டன்மாரைக் கேட்டவர்களுக்குத் தெரியும். கதவால் போகிற தண்ணீர் வயலை மூடும், உடைந்த குளத்தின் தண்ணீர் ஊரையே வழித்துக்கொண்டு போகும். இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம் 110 அடி வரை பிடிக்கும், கொள்ளளவு 7,70,000 ஏக்கர் அடி. அதற்கு ஏதாவது ஆனால் பட்டிப்பளை ஆற்றின் கீழே எந்த ஊர் மிஞ்சும்? அதனால்தான் நிறைவதற்கு முன்னமே கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்வோம்.

இன்னொன்று. உங்கள் ஊரில் வெயில் அடிப்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முந்தனை ஆற்றில் வருவது மஹா ஓயாப் பக்கத்து மழை. மலையில் பெய்தது கிரானுக்கு வர நேரம் எடுக்கும், ஆனால் வரும். கதவு திறந்ததாகக் கேட்டவுடனே செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். காணி உறுதி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் கிளினிக் அட்டை எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் கட்டி, கூரைக்கல்ல, உங்கள் கைக்கு. மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். விதைநெல்லை முதலில் உயர்த்துங்கள், சாப்பாட்டு அரிசி நிவாரணத்திலாவது வரும். மாடுகளைப் பகலில் அவிழ்த்து மேட்டுக்குச் சாய்த்துவிடுங்கள், கன்றைத் தாயோடு விடுங்கள் (பிள்ளை, உன் கதையைக் குறை சொல்லவில்லை). முழங்காலுக்கு மேல் இழுத்து ஓடும் தண்ணீரில் பெரிய ஆளும் சாய்வான். படகு தேவைப்பட்டால் கிராம சேவகருக்கும் 117க்கும் இரண்டுக்கும் எடுங்கள். வெள்ளம் வடிந்ததும் கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு குளோரின் போடாமல் ஒரு வாய் குடிக்காதீர்கள். வயலில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சலுக்கான மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு வாங்குங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் வீட்டில் கசாயம் வைத்துக்கொண்டு கிடக்கக்கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. கூரை ஏறிய பாம்புகள் வடிந்த பிறகும் நாலைந்து நாள் பாத்திரங்களுக்கு இடையில் இருக்கும்.

பாலமீன்மடு வலைக்காரன்:

எல்லோரும் குளத்தையே பேசுகிறீர்கள். வாவியை யாரும் சொல்லவில்லை. மட்டக்களப்பு வாவியின் தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரம் வேண்டும். அலை மண்ணைக் கொண்டுவந்து மூடினால் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் வெள்ளம் வடிய வழியே கிடையாது. அந்த மண்ணை வெட்டித் திறக்கச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள், வெட்டவேண்டாம் என்று நாங்கள் நிற்போம். அவசரப்பட்டு வெட்டினால் இறாலும் மீனும் ஒரே இரவில் கடலுக்குப் போய்விடும், கடல் பெருகினால் உப்பு உள்ளே ஏறும். அந்த மாரி முழுக்க எங்கள் அடுப்பு எரிவது அந்த இறாலில்.

ஆனால் ஒரு மாரியில் வெட்டும்போது நானும் மண்வெட்டி பிடித்தேன். காலையில் ஆள் தாண்டக்கூடிய ஒரு வாய்க்கால்தான் அது. தண்ணீர் கடலைத் தொட்டதும் இரு கரை மண்ணும் துண்டு துண்டாக விழ ஆரம்பித்தது. சத்தம் ரயில் வருவது போல. பின்னேரம் ஆகும்போது அக்கரையில் நின்றவர்களோடு கத்தித்தான் பேச வேண்டியிருந்தது, அவ்வளவு அகலம். அந்தத் தண்ணீரில் அடுப்புக்கல், கதிரை, ஒரு பிள்ளையின் புத்தகப் பை எல்லாம் போயின. பையை எட்டிப் பிடித்தேன். கொப்பியில் பெயர் அழிந்துவிட்டது, தரம் 4 என்பது மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு முகத்துவாரக் கூட்டங்களில் நான் பழையபடி சத்தம் போடுவதில்லை.

படுவான்கரைப் பிள்ளை:

அண்ணன், எங்களுக்காக நீங்கள் மண்வெட்டி பிடித்தது எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். வெட்டுவதா இல்லையா என்ற பேச்சு எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகுதான் தொடங்குகிறது. ஐப்பசியிலேயே மீனவரும் விவசாயியும் ஒன்றாக இருந்து, வாவி எந்த மட்டத்துக்கு வந்தால் வெட்டுவது என்று முடிவெடுத்தால் என்ன?

பாலமீன்மடு வலைக்காரன்:

அதற்கு நான் சம்மதம். ஆனால் வெட்டின மாதத்துக்கு மீனவருக்கும் நிவாரண அட்டை வேண்டும். வயல் அழிந்தால் கணக்கெடுக்க வருகிறார்கள், இறால் போனதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

வெருகல் தங்கச்சி வீடு:

நான் வாகரை, தங்கச்சி வெருகல் பக்கம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது காற்று போனதோடு தப்பினோம் என்று நினைத்தோம். பிறகுதான் மகாவலி ஆற்று வெள்ளம் வந்தது. மாவிலாற்று அணைக்கட்டு உடைந்ததாகக் கேட்டேன், அதற்குப் பிறகு அவள் போன் வேலை செய்யவில்லை. மன்னம்பிட்டிப் பாதையும் மூடிக்கிடந்தது. போன் திரும்ப வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, கோழிகளை வீட்டுக் கூரையில விட்டிட்டு வந்திட்டன், பசிக்கும்." அவள் நின்றது கோயில் மண்டபத்தில், உடுத்த சீலையோடு.

ஓய்வுபெற்ற குளத்து ஆள்:

பிள்ளை முதலில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. எங்களிடம் இருப்பது குளத்தின் அடிக்கணக்கு. உங்கள் பாலத்தில் எவ்வளவு ஏறும் என்பது அந்தப் பாலத்தடியில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு மாரியும் கதவு திறந்த நேரம், எத்தனை அடி, உங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்த நேரம், எந்தப் படிக்கட்டு வரை ஏறியது, இவற்றை எழுதி வையுங்கள். இரண்டு மூன்று மாரி போனால் வயலுக்குத் தண்ணீர் பார்க்கிற வட்டவிதானையே கணக்குப் பார்த்துச் சொல்லலாம்.

படுவான்கரைப் பிள்ளை:

எங்கள் பள்ளிக்கூடத் திண்ணைத் தூணில் 2011 தண்ணீர் நின்ற கறை இன்னும் இருக்கிறது. நாளைக்கு அதிபரிடம் கேட்டு அந்த இடத்தில் பெயின்டால் கோடு போட்டு, வருடம் எழுதப்போகிறேன். ஐயா, உன்னிச்சையில் அன்று கதவுகளை எத்தனை அடி திறந்தார்கள் என்பதை யாரிடம் கேட்டு எடுக்கலாம்?

ஓய்வுபெற்ற குளத்து ஆள்:

குளத்து அலுவலகத்தில் பதிவுப் புத்தகம் இருக்க வேண்டும். கடிதம் ஒன்று எழுதிக்கொண்டு வேலை நாளில் காலையில் போ. கமக்காரர் அமைப்பின் தலைவரையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.