வன்னியில் சபை வளர்ச்சி: ஒரே வகைச் சனத்தை மட்டும் தேடிப் போகலாமா?

பரந்தன்காரன்:

சபை வளர்ச்சி பற்றி வவுனியாவில் நடந்த ஒரு பயிற்சிக்கு எங்கள் போதகர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நடத்தியவர் வெளியிலிருந்து வந்த சகோதரர். நல்ல மனுசன், ஊழியத்தில் வாஞ்சையுள்ளவர். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: ஊர் முழுவதையும் ஒரேயடியாக அழைக்காதீர்கள். ஒரே வகையான சனத்தைத் தெரிவு செய்யுங்கள். அதில் ஒருவர் வந்தால் மாமன், மச்சான் என்று மற்றவர்களும் பின்னால் வருவார்கள்.

இதற்கு வேர் டொனால்ட் மக்கவ்ரன் என்ற மிஷனரி. 1897இல் இந்தியாவின் தாமோவில் பிறந்தவர், அந்த மத்திய இந்தியப் பகுதியிலேயே நெடுங்காலம் ஊழியம் செய்தவர். இனம், மொழி, வர்க்கம் என்ற வேலிகளைத் தாண்டாமல் கிறிஸ்தவர்களாக மாறவே மனிதர் விரும்புகிறார்கள் என்றார். 1965இல் கலிபோர்னியாவின் புல்லர் இறையியல் கல்லூரியில் அவர் பொறுப்பில் மிஷனரி ஊழியத்தைக் கற்பிக்கும் ஒரு பிரிவு தொடங்கியது. அங்கிருந்து இந்தக் கருத்து உலகமெங்கும் பரவியது. அவர் சொன்னதில் ஒன்றை நான் முழுதாக ஏற்கிறேன். ஒரு ஆளைச் சொந்தபந்தத்திலிருந்து பிரித்தெடுத்து மிஷன் வளவுக்குள் வைத்து வளர்ப்பது பிழை என்றார். அது சரி.

ஆனால் வன்னியில் ஒரே வகைச் சனம் என்று யாரைச் சொல்வது? இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்தவர்கள் இருக்கிறார்கள். 1977 கலவரத்தில் தோட்டங்களை விட்டு ஓடிவந்த மலையகக் குடும்பங்கள் இருக்கிறார்கள். 2009இல், யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்த மனிக்பாம் முகாமில் எல்லாரும் ஒரே வரிசையில்தான் தண்ணீருக்கு நின்றார்கள்.

பயிற்சியில் எங்கள் ஊர்களின் படத்தை வரைந்து, சுவிசேஷத்தை ஏற்க ஆயத்தமாக இருக்கிற சனத்தைச் சுற்றி வட்டம் போடச் சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் வட்டம் போட்டது மலையகத்தவர் குடியிருக்கும் பக்கத்தைத்தான். கூலி வேலை, கடன், காணிக்கு உறுதி இல்லை, அதனால் கெதியாக வருவார்கள் என்று காரணமும் சொன்னார்கள். அங்கே இருந்த ஒரு மலையகத் தம்பி தன் தாளை மடித்து வைத்துவிட்டார். தேநீர் நேரத்தில் என்னிடம் சொன்னார்: "அண்ணே, எங்களுக்கு ஒரு தகரக் கொட்டில், உங்களுக்கு ஒரு கல் கோயில். ரெண்டும் வளரும். ஆனா பொண்ணு கேட்டு ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போகவே மாட்டோம்."

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் அவர்களுக்கென்று தனிச் சபை வைத்துக் கொடுக்கவில்லை. விசாரணைக்கு ஏழு பேரைத் தெரிவு செய்யும்படி சீஷர்களிடம் சொன்னார்கள், தெரிவான ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். அதற்குப் பிறகுதான் எருசலேமில் சீஷர்களின் தொகை மிகவும் பெருகிற்று என்று 7ஆம் வசனம் சொல்கிறது. வளர்ச்சி என்று நான் நம்புவது இதைத்தான். உங்கள் ஊர்களில் எப்படி?

அக்கராயன் ரீச்சர்:

அண்ணா, உங்கள் மனவருத்தம் விளங்குகிறது. ஆனாலும் ஒரே மாதிரி ஆக்கள் கூடுவதில் இருக்கிற ஆறுதலை ஒதுக்கிவிட வேண்டாம். கணவர் காணாமல் போன பிறகு, பெரிய ஆலயத்தில் நான் பின் வாங்கிலில் இருந்து ஆராதனை முடிய வந்துவிடுவேன். யாரும் கதை கேட்டதில்லை. ஒரு வீட்டுக்கூட்டத்தில்தான் முதன்முதலாக வாய் திறந்தேன். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் போன்ற பெண்கள். ஒருத்தியும் "இன்னும் ஏன் பொட்டு வைக்கிறாய்" என்று கேட்கவில்லை.

தென்கொரியாவில் யோங்கி சோ என்ற போதகர் வீட்டுக் குழுக்களைத் தொடங்கியபோது அவற்றைப் பெண்களிடம்தான் பெரும்பாலும் ஒப்படைத்தார். எங்கள் ஊர்ச் சபைகள் அந்த முறையில் குழுவை எடுத்தன, பெண்களின் பொறுப்பை விட்டுவிட்டன. அதைவிட எனக்குப் பெரிய நோவு வேறொன்று. ஆட்கள் கூடியதும் குழு இரண்டாகப் பிரிய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். பிரிந்தால்தான் வளர்ச்சியாம். ஒருவரை ஒருவர் நம்பி அழப் பழகவே எங்களுக்கு நெடுநாள் எடுத்தது. பிரித்த பிறகு இரண்டு அக்காமார் வருவதையே விட்டுவிட்டார்கள். அறிக்கையில் அது இரண்டு குழு என்று போனது.

முருங்கன் மகன்:

நான் கத்தோலிக்கன். எங்கள் பக்கம் இந்தப் பேச்சு குறைவு. மடு மாதா திருவிழாவுக்கு ஆவணியில் சைவச் சனமும் வருகிறார்கள், நேர்த்தி வைக்கிறார்கள், போகிறார்கள். யாரும் பெயர் எழுதுவதில்லை. அதே சமயம் எங்கள் பங்கில் புதிதாக ஒருவரை எப்படி வரவேற்பது என்று எங்களுக்குத் தெரியாது என்பதும் உண்மை. அதைப் பெந்தெகொஸ்தே சகோதரர்களிடம் படிக்கலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்த கையோடு உலருணவுப் பொதியோடு துண்டுப்பிரசுரமும் கொடுத்த குழுக்களை நான் கண்ணால் கண்டேன். பக்கத்து வீட்டு ஐயா இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார், "தம்பி, உங்கட ஆக்கள் அரிசிக்கு ஆள் எடுத்தவையெல்லே?" என்று. நான் அந்தக் குழுவைச் சேர்ந்தவன் இல்லை என்று சொன்னால் அவருக்கு அது பதிலாகாது.

பரந்தன்காரன்:

ரீச்சர், நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். துயரத்தில் ஒன்றாக இருப்பவர்கள் ஒன்றாக ஜெபிப்பது வேறு, சாதியும் பிறந்த இடமும் பார்த்துச் சபை நாட்டுவது வேறு. முதலாவதை இன்னும் கூட்டுவோம், குழுவைப் பிரிக்கவும் சொல்லமாட்டோம். ஆனால் திருவிருந்துக்கு எல்லாரும் ஒரே இடத்துக்கு வர வேண்டும்.

எங்கள் மூப்பர் சங்கத்தில் மலையகக் குடும்பத்தவர் ஒருவரும் இல்லை. சபையிலோ ஏறக்குறைய பாதிப் பேர் அவர்கள். வருகிற தெரிவில் இதை எழுத்தில் கேட்கப் போகிறேன், போதகரும் ஆதரவு தருவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு சபைகளில் இதைச் செய்தவர்கள் இருந்தால், முதலில் யாரோடு கதைத்தீர்கள், எங்கே எதிர்ப்பு வந்தது என்று எழுதுங்கள்.