மார்பகத்தில் செலுத்திய ஜெல்லை முழுவதும் அகற்ற முடியுமா?

மாதவி (சிங்கப்பூர்):
என்னுடன் பணிபுரியும் சீனத் தோழி ஒருவர், 2003இல் குவாங்சோவில் மார்பகத்தைப் பெரிதாக்கும் ஊசி போட்டுக்கொண்டார். கத்தி வைக்க வேண்டியதில்லை, தழும்பு விழாது என்று சொல்லி அவருக்குச் செலுத்தப்பட்டது பாலிஅக்ரிலமைடு ஜெல். பல ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் இல்லை. சில மாதங்களாக இடது மார்பகம் கல்லைப் போல் இறுகியிருக்கிறது. அதற்குக் கீழே, விலா எலும்பின் மேல், அழுத்தினால் நழுவும் வீக்கம் ஒன்றும் தென்படுகிறது. ஊசியாலேயே உறிஞ்சி எடுத்துவிடலாம் என்கிறது ஒரு கிளினிக். அது சரியா? புற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சமும் அவருக்கு உண்டு.

ஸ்கேன்பிரிவு:
உறிஞ்சுவதற்கு முன் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுங்கள். இந்த ஜெல்லின் பெரும்பகுதி நீர் என்பதால், நீரைப் பளிச்சென்று காட்டும் படவரிசையில் அது எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். சுரப்பிக்குப் பின்னால் மட்டும் இருக்க வேண்டியது மார்புத்தசைக்குள்ளும் அக்குளிலும் வயிற்றுச் சுவரிலும் இருப்பதைப் பார்க்கிறோம். தோழியின் விலாவின் மேலுள்ள வீக்கமும் அப்படி இறங்கியதாக இருக்கலாம். மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரேயில், ஜெல் திசுவை மறைக்கும், ஜெல் திரளே கட்டியாகவும் தோன்றும். ஆகவே ஊசி போட்ட விவரத்தைப் படம் எடுப்பவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பவர்களே அதிகம்.

அறுவையரங்கச் செவிலி:
முழுவதும் எடுத்துவிடலாம் என்று யார் உறுதி சொன்னாலும் நம்ப வேண்டாம். உள்வைப்புப் பை என்றால் பையோடு வெளியே வந்துவிடும். இந்த ஜெல்லோ சுரப்பித் திசுவிலும் தசை நார்களுக்கிடையிலும் ஊறிப்போயிருக்கும். முகச்சுருக்கம் போன்றவற்றை நிரப்பச் செலுத்தும் ஹயலூரோனிக் அமில ஃபில்லரைக் கரைக்க நொதி இருக்கிறது, இதைக் கரைக்க எதுவும் இல்லை. குருட்டுத்தனமாக ஊசியால் உறிஞ்சினால் ஓரிடத்தில் தேங்கியது மட்டும் கொஞ்சம் வரும், கிருமி உள்ளே போகும் வாய்ப்பும் உண்டு. திறந்து, கண்ணால் பார்த்துக் கழுவி, ஜெல்லைச் சுற்றிக் கெட்டித்த உறையையும் பாதிக்கப்பட்ட திசுவையும் நீக்குவதே முறை. அதன் பிறகும் மிச்சம் இருக்கும், மார்பகத்தின் வடிவமும் மாறும். இதை அறுவைக்கு முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் தாய்ப்பால் கொடுத்தாரா?

மாதவி:
2009இல் மகன் பிறந்தான். இடது பக்கம் பால் கட்டிக் காய்ச்சல் வந்ததால் அந்தப் பக்கம் நிறுத்திவிட்டாராம்.

அறுவையரங்கச் செவிலி:
அந்த விவரம் முக்கியமானது. பாலும் ஜெல்லும் ஒரே இடத்தில் தேங்கினால் கிருமி வளர வசதியாகிவிடும். இவ்வூசி போட்டுக்கொண்ட பெண்களுக்குப் பாலூட்டும் காலத்தில் மார்பகம் திடீரென வீங்கிச் சீழ் பிடித்ததும் உண்டு. இப்போது காய்ச்சலோ சிவப்போ இருந்தால் எம்ஆர்ஐக்குக் காத்திருக்காமல் இன்றே மருத்துவமனைக்குச் செல்லட்டும்.

பழையகோப்பு:
சீனா இந்த ஜெல்லை 2006 ஏப்ரல் 30 அன்று தடை செய்தது. அங்கே அவ்மெய்திங் என்ற பெயரில் இது பரவலாக விற்கப்பட்டது. பாராஃபின் ஊசியும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் திரவ சிலிக்கோன் ஊசியும் இதே போல் கட்டிகளையும் புண்களையும் விட்டுச் சென்ற பிறகும் இன்னொரு ஜெல்லுக்கு அனுமதி கொடுத்தார்கள் என்பதுதான் எனக்குக் கோபம். ஹயலூரோனிக் அமில வகையான மேக்ரோலேனையும்கூட, மார்பகப் படங்களைப் படிப்பதில் குழப்பம் வருகிறது என்பதால், 2012இல் அதைத் தயாரித்த நிறுவனமே மார்பகப் பயன்பாட்டிலிருந்து விலக்கிக்கொண்டது.

புற்றுநோய் பற்றி: அக்ரிலமைடு என்ற மூலப்பொருளைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வைத்திருக்கிறது; ஆனால் ஜெல்லாக மாறிய பாலிஅக்ரிலமைடு மார்பகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. உண்மையான கட்டி ஒன்று தோன்றினாலும் 'ஜெல்தான்' என்று விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. எம்ஆர்ஐயில் ஐயம் எழும் இடத்தில் திசு எடுத்துச் சோதிக்கச் சொல்லி, ஊசி போட்ட ஆண்டு, பொருளின் பெயர், 2009இல் வந்த காய்ச்சல் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தோழியிடம் கொடுத்தனுப்புங்கள்.