பொருள்: வண்டியின் ‘பிக்கப்’புக்கு ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினர்க்கு,

மாத இதழ் ஒன்றின் வாகனப் பக்கத்துக்காக ஓர் ஒப்பீட்டுக் கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். டொயோட்டா அர்பன் குரூஸர் ஹைரைடரின் ஹைபிரிட் வகையையும் பெட்ரோல் வகையையும் ஓட்டிப் பார்த்து எழுதியது. வெள்ளிக்கிழமை பக்கம் அச்சுக்குப் போகிறது. இரண்டு இடங்களில் தடுக்கி நிற்கிறேன்.

ஒன்று, ‘ஹைபிரிட்’, அதாவது எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி. கலப்பினம் என்று எழுதினால் விதைக்கடை நினைவுக்கு வருகிறது. மேலும், ஹைபிரிட் வகையும் பெட்ரோலில்தான் ஓடுகிறது. பெட்ரோல் வகையிலும் எஞ்சினுக்குக் கைகொடுக்க ஒரு சிறு மின் அமைப்பு இருக்கிறது. எதை எதிலிருந்து பிரிப்பது?

இரண்டாவதான ‘பிக்கப்’தான் பெரிய சிக்கல். முடுக்கம் என்ற சொல் இருக்கிறதே என்பீர்கள். ஆனால் கட்டுரையாளர் இரண்டு செய்திகளைச் சொல்கிறார். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஆகும் நேரம் ஒன்று. சிக்னலில் பச்சை விழுந்ததும் மிதியை அழுத்த, முதுகு இருக்கையில் பதிகிறதே, அது மற்றொன்று. ஹைபிரிட்டின் மோட்டார் நின்ற நிலையிலேயே 141 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசையை, தந்துவிடும். பெட்ரோல் எஞ்சின் தன் 137ஐ முழுதாகத் தர, நிமிடத்துக்கு 4,400 சுற்றுக்கு ஏற வேண்டும். இந்த வேறுபாட்டைத்தான் தெருவில் பிக்கப் என்கிறோம். இதற்கு ஒரு சொல் தாருங்கள்.

ம., திருச்சி

*

ம. அவர்களுக்கு,

சொல் தேடுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து ‘முடுக்கம்: 12 வினாடி’ என்று அட்டவணை போடாதீர்கள். நேரம் முடுக்கம் ஆகாது. 100 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 27.8 மீட்டர், அதை 12 வினாடியில் எட்டினால் சராசரி முடுக்கம் வினாடி வர்க்கத்துக்கு 2.3 மீட்டர். ‘முடுக்க நேரம்’ என்று எழுதுங்கள். இந்த ஒரு பிழையை வகுப்பில் திருத்தித் திருத்தித் தொண்டை வறண்டுவிட்டது.

முடுக்கம் நல்ல சொல். முடுகு வண்ணம் தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் இருபது வண்ணங்களுள், அதாவது செய்யுள் ஓசை வகைகளுள், ஒன்று. பணிகளை ‘முடுக்கிவிட்டார்’ என்று நாளிதழ் எழுதினால் யாருக்கும் அகராதி தேவைப்படுவதில்லை. தென்மாவட்டத்தில் சந்துமுடுக்கு என்கிறோமே, அந்த முடுக்கும் இதே வேர்தானா என்று நெடுநாளாகத் தேடுகிறேன். நெருக்குதல் என்ற பொருள் இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம்.

ஹைபிரிட்டுக்கு, இரண்டு உந்துவிசை உடையது என்ற பொருளில், ‘ஈருந்து’ என்பேன். உயிர் வந்தால் இரண்டு ‘ஈர்’ ஆகும். இலக்கணம் சுத்தம்.

இரா., இயற்பியல் ஆசிரியர், வேலூர்

*

ஐயா,

எங்கள் இலங்கைப் பாடநூல்களில் முடுக்கம் என்பது ஆர்முடுகல். வேகம் குறைவது அமர்முடுகல். ஆர்தல் நிறைதல், அமர்தல் அடங்குதல் என்றே நான் கொள்கிறேன். உங்களுக்கு ஒன்று முடுக்கம், மற்றது ‘எதிர்முடுக்கம்’. எங்களிடம் இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஹைபிரிட் வண்டி பிரேக் பிடிக்கையில் மோட்டாரே மின்னாக்கியாகி பற்றரியை நிரப்புகிறது. அந்த இடத்தில் அமர்முடுகல் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! நீங்கள் திசைவேகம் என்பது எங்களுக்கு வேகம், நீங்கள் வேகம் என்பது எங்களுக்குக் கதி. ஒரே மொழிக்கு இரண்டு இயற்பியல் இருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சி., யாழ்ப்பாணம்

*

வணக்கம்.

பட்டறையிலிருந்து எழுதுகிறேன். ஈருந்து என்று பலகை வைத்தால் இருசக்கர வண்டி என்று நினைத்துப் பஞ்சர் ஒட்ட வருவார்கள்.

மோட்டாரால் மட்டும் நகரக்கூடிய வண்டியை வன்கலப்பு என்றும், மோட்டார் எஞ்சினுக்கு உதவி மட்டும் செய்தால் மென்கலப்பு என்றும் சொல்லுங்கள். வல்லினம், மெல்லினம் படித்த எவருக்கும் புரியும். இனம் என்ற சொல்லே வேண்டாம். லத்தீனிலேயே அந்தச் சொல் வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியைத்தான் குறித்தது என்பார்கள். அதை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கட்டுரையில் சேருங்கள். எஞ்சின் 92 குதிரைத்திறன், மோட்டார் 80. கூட்டி 172 என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார். மொத்தம் 116தான். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை. பேட்டரி தரும் மின்சாரத்துக்கும் வரம்பு உண்டு. பெட்ரோல் வகை 103. அதனால் நெடுஞ்சாலையில் வித்தியாசம் சிறியது, முதல் சில மீட்டரில்தான் பெரியது.

அதற்கு எங்கள் சொல் இழுவை. ‘வண்டியில் இழுவை இல்லை’ என்று சொல்லாமல் யாரும் பட்டறைக்கு வருவதில்லை.

ப., கோவை

*

ப. தம்பிக்கு,

இழுவை என்றால் எனக்கு நீதிமன்ற வழக்குதான் நினைவுக்கு வருகிறது. விரைவுக்குப் போய் அந்தச் சொல்லா?

நான் பாட்டு ஆசிரியை. எங்களிடம் ‘எடுப்பு’ இருக்கிறது. தாளச் சுற்றில் பாட்டு தொடங்கும் இடம் எடுப்பு. பல்லவிக்கு எடுப்பு, அனுபல்லவிக்குத் தொடுப்பு, சரணத்துக்கு முடிப்பு என்று தமிழிசையார் பெயர் வைத்தார்கள். நின்ற நிலையிலிருந்து கிளம்புவது எடுப்பு. ஓடிக்கொண்டிருக்கும்போதே லாரியை முந்த வேகம் கூட்டுவது தொடுப்பு. மிதியை அழுத்துவதுதான் தாளத் தட்டு என்று வையுங்கள். ஹைபிரிட்டுக்குத் தட்டோடு பாட்டும் சேர்ந்து வரும் சம எடுப்பு. தட்டு விழுந்து சற்றுப் பொறுத்துப் பாட்டு வந்தால் அநாகதம். பெட்ரோல் எஞ்சின் அப்படித்தான் கிளம்புகிறது. ‘வண்டியை எடு’ என்று சொல்லாத வீடு உண்டா?

கௌ., தஞ்சாவூர்

*

கௌ. அம்மாவுக்கு,

உங்கள் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன். மறுக்க இலக்கணம் என்னிடம் இல்லை. நகராட்சிச் சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எங்கள் பதிவேட்டில் எடுப்பு என்றால் எடுப்புக் கக்கூஸ், மலத்தை ஆள் வந்து அள்ளிச் செல்லும் கழிப்பிடம். 1993ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்தது. சொல் என் காதிலிருந்து போகவில்லை. தகரத்தைத் தலையில் வைத்துத் தெருவோரமாக ஒதுங்கி நடந்த பெண்களைப் பார்த்தவனுக்கு, புது வண்டி விளம்பரத்தில் ‘அருமையான எடுப்பு’ என்று படிக்க முடியாது. என்னை மன்னியுங்கள்.

த., மதுரை

*

ஐயா,

உங்கள் மனம் புரிகிறது. ஆனால் பாட்டில் அந்தச் சொல் தூய்மையாகவே இருக்கிறது. அதைக் கைவிட என்னால் முடியாது.

கௌ.

*

அனைவருக்கும் நன்றி. பக்கம் போய்விட்டது.

வன்கலப்பு, மென்கலப்பு இரண்டும் அப்படியே ஏறின. அட்டவணையில் ‘முடுக்க நேரம்’. பிக்கப்புக்கு ஐந்து பேர் எடுப்பு என்றும் மூவர் இழுவை என்றும் தனியே எழுதியிருந்தீர்கள். த. ஐயாவின் மடலுக்குப் பின் எடுப்பைத் தட்டச்சு செய்ய எனக்குக் கை வரவில்லை. ‘தொடக்க முடுக்கம்’ என்று போட்டேன். நீளம்தான். கௌ. அம்மாவின் தொடுப்பை மட்டும் முந்திச் செல்லும் பத்தியில் வைத்துக்கொண்டேன்.

ம.

*

எடுப்பு இல்லாமல் தொடுப்பு எங்கிருந்து வரும்? அடுத்த மாதம் மறுபடி கேட்பேன்.

கௌ.