ரீசார்ஜ்: செறிவூட்டலா, வரத்தா?

நண்பர்களே,

மழைநீர் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரோடு சேர்வதை ஆங்கிலத்தில் ரீசார்ஜ் என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'செறிவூட்டல்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். யுரேனியத்துக்கும் செறிவூட்டல், சத்து சேர்த்த அரிசிக்கும் செறிவூட்டல் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு உறுத்துவது அந்த 'ஊட்டல்'. ஊட்ட ஒரு கை வேண்டும். தடுப்பணை கட்டித் தேக்குவதற்கும், மழைநீரைக் கிணற்றுக்குள் திருப்பிவிடுவதற்கும் அது பொருத்தமே. யாரும் கை வைக்காமல் தானாக இறங்கிச் சேரும் நீரை என்ன சொல்வது?

'ஊறல்' கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் கிணற்றில் தண்ணீர் ஊறுகிறது என்னும்போது நீர் நிலத்தடியிலிருந்து வெளியே வருகிறது. நமக்கு வேண்டியது எதிர்த்திசை. 'சுவறல்' நல்ல சொல், அதை இன்ஃபில்ட்ரேஷனுக்கு, அதாவது நீர் மேல்மண்ணுக்குள் புகுவதற்கு, வைத்துக்கொள்வோம். சுவறலும் ரீசார்ஜும் ஒன்றல்ல, அரைவறள் நிலத்தில் சுத்தமாக ஒன்றல்ல. ஒரு தூறலுக்குப் பிறகு மண்ணைத் தோண்டிப் பாருங்கள். ஒரு சாண் ஈரம், அதற்குக் கீழே பொடிமண். இரண்டு நாள் வெயிலும் புல்வேரும் அந்த ஈரத்தையும் முடித்துவிடும். நீர் சுவறியது உண்மை, நீர்மட்டத்துக்கு ஒரு சொட்டும் போகவில்லை. அரைவறள் என்பதற்கு இலக்கணமே, ஆவியாகிப் போகக்கூடிய நீரில் ஐந்தில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் ஆண்டு மழை பெய்யும் என்பதுதானே.

என் பரிந்துரை 'நிலநீர் வரத்து'. அணைக்கு நீர்வரத்து என்று தினமும் படிக்கிறோம், விளக்கமே தேவையில்லை. வரத்து வரலாம், வராமலும் போகலாம், ஒரேயடியாக வந்து கொட்டவும் செய்யலாம்.

இந்தக் கடைசிக் குணம்தான் முக்கியம். தான்சானியாவின் தலைநகர் டொடோமாவுக்கு நீர் தரும் மகுடபோரா கிணற்றுப் படுகையில் அரை நூற்றாண்டுக்கு மேல் நீர்மட்டம் அளந்திருக்கிறார்கள். வரைபடத்தில் கோடு ஆண்டுக்கணக்காகச் சரிந்துகொண்டே போகும், பிறகு ஒரு பெருமழைப் பருவத்தில் விருட்டென்று எழும். பசிபிக் கடல் சூடேறி உலக மழையை மாற்றிப்போடும் எல் நினோ வந்த 1997–98 பருவத்தில் எழுந்தது அப்படித்தான். இதை 'ஆண்டுச் சராசரிச் செறிவூட்டல் இத்தனை மில்லிமீட்டர்' என்று மாதச் சம்பளம் போல எழுதிவைத்தால், நீர் இறைப்பவரும் அதை நம்பித்தான் இறைப்பார். காற்று 1 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7% கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் கொட்டும் மழை இன்னும் வலுக்கும், இடைப்பட்ட நாட்களில் மண்ணும் வேகமாகக் காயும். ஆக இப்படி எப்போதாவது ஒருமுறை மொத்தமாக வந்து சேரும் எபிசோடிக் ரீசார்ஜுக்குத் தனிச்சொல் வேண்டும். 'நிகழ்வுசார் மீள்நிரப்பல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். மன்னிக்கவும், அதைப் படிக்க மூலச்சொல் தெரிந்திருக்க வேண்டும். 'பெருமழை வரத்து' என்றால் போதாதா? காரணமும் பெயரிலேயே வந்துவிடுகிறது.

அப்புறம், மழை குறைந்தால் வரத்தும் குறையும் என்று நேர்க்கோடு போட்டுவிட முடியாது. மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரின் தென்மேற்கில் 1970, 80களின் வறட்சிக் காலத்திலும் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்துகொண்டிருந்தது. புதர்க்காட்டை வெட்டிக் கம்பு விதைத்தார்கள், மண்ணின் மேல் ஓடு போலப் பொறுக்கு கட்டியது, நீர் சுவறாமல் ஓடிக் குட்டைகளில் தேங்கி அங்கிருந்து கீழே இறங்கியது. சுவறல் குறைந்து வரத்து கூடியிருக்கிறது! இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் இதை எப்படி எழுதுவது?

இப்படி ஓரிடத்தில் திரண்டு இறங்குவதற்குக் 'குவிவரத்து' என்று வைத்திருக்கிறேன். 'குட்டைவரத்து' என்றால் ஆற்று மணல் வழியே இறங்குவது அடங்காது. நிலப்பரப்பு முழுவதும் பரவலாக இறங்கும் டிஃப்யூஸ் ரீசார்ஜுக்குத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை. 'பரவல் வரத்து' எழுதிப் பார்த்தேன், பரவல் ஏற்கெனவே புள்ளியியலில் வேறு வேலையில் இருக்கிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.